எட்டுப் பேர், ஒரு சனிக்கிழமை, ஏஜாக்ஸ் குளிர்

வெள்ளி இரவு தம்பி குடும்பம் பிரம்ப்டனிலிருந்து வந்து இறங்கும். சனி காலை தோசை முடிந்து, தேத்தண்ணியும் முடிந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். "அக்கா, எங்க போறம்?" ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஏஜாக்ஸில் இருப்பவள் நான்தான் என்பதால் ஊரைக் காட்டும் பொறுப்பும் என் தலையில். கோடையில் இந்தக் கேள்வியே வராது. பாயையும் கோழியையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் பொழுது தானாகப் போய்விடும். பெப்ரவரியில் அதே ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்றாலே, யாராவது ஒருவர் காருக்குத் திரும்பலாமா என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெப்ரவரி மூன்றாம் திங்கள் ஒன்ராறியோவில் குடும்ப தினம். 2008-இல் வந்த விடுமுறை. பெயர்தான் குடும்ப தினம். அன்றைக்கு நூலகம் பூட்டு, பல கடைகளும் பூட்டு. அதனால் திங்களை வீட்டில் கிடந்து சாப்பிட விட்டுவிட்டு, வெளியே போவதைச் சனிக்கு வைப்பதுதான் புத்தி. அந்த ஒன்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே போவது என்பதில்தான் இந்த வருடம் கொஞ்சம் யோசித்தேன். உங்களுக்கும் இதே நிலைமை இருக்கலாம் என்பதால் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

எட்டுப் பேரில் மூத்தவர் அம்மா. 74 வயது, முழங்கால் வலி, ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் கோபம். இளையவன் தம்பியின் மகன், 4 வயது, கையுறையைக் கழற்றி எறிவதில் விண்ணன். என் மகன் எட்டு வயது. எதையாவது தொட வேண்டும், ஏற வேண்டும். மகளுக்குப் பதின்மூன்று. எதைக் காட்டினாலும் "போர்" என்பாள். மிச்ச நாலு பேரும் பெரியவர்கள், எங்கே கூட்டிப் போனாலும் வருவார்கள்.

போன வருடங்களில் படத்தைப் பார்த்து இடம் தெரிவு செய்தேன். பனி மூடிய மரம், சிவப்புத் தொப்பி, சிரிப்பு. அந்தச் சிரிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று படத்தில் தெரியாது. இப்போது நான் பார்ப்பது வேறு. எவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டும்? கழிவறை திறந்திருக்குமா? (பூங்காக் கழிவறைகள் பலவற்றைக் குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு மூன்று அடுக்கு உடுப்பைக் கழற்றி மாட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் முதலாவது என்று விளங்கும்.) அம்மா எங்கே உட்காருவார்? கடைசியாக, திரும்பி வரும்போது காரில் கதைக்க ஏதாவது இருக்குமா? கடைசிக் கேள்வியைச் சும்மா அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. குளிரில் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கதை இருக்கிற இடத்தில் பிள்ளைகள் இன்னும் இருபது நிமிடம் கூட நடப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் தள்ளிவிட வேண்டியதைத் தள்ளிவிடுகிறேன். வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் குன்றுகளில் ரியூபில் உட்கார்ந்து சறுக்குகிற இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நீண்ட வார இறுதியில் வரிசையில் நிற்கிற நேரம் சறுக்குகிற நேரத்தை விடக் கூட, எட்டுப் பேருக்கு ரிக்கற் எடுத்தால் பை காலி, அம்மாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதற்கு வேறொரு நாள், பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கிறீன்வூட்டில் டஃபின்ஸ் ஓடைக்கரையில் இருக்கும் பிக்கரிங் அருங்காட்சியகக் கிராமமும் இந்தப் பருவத்துக்குச் சரிவராது. 1961-இல் தொடங்கியது, பழைய வீடுகள், கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வடிவான இடம். ஆனால் அது கோடைக்கான இடம். குளிர்காலத்தில் சிறப்பு நிகழ்ச்சி வைக்கிற நாட்களைத் தவிர்த்து நம்பிப் போக முடியாது. நத்தார் காலத்தில் நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் மட்டும் பாருங்கள்.

மிஞ்சியவை நாலு: பிக்கரிங்கில் பிரெஞ்ச்மன்ஸ் பே, விற்பியில் லின்ட் ஷோர்ஸ், ஒஷாவாவில் பார்க்வூட், அப்புறம் எங்கள் ஏஜாக்ஸே.

பிரெஞ்ச்மன்ஸ் பே, கண்ணுக்கு அழகு, மனதுக்குப் பயம்

லிவர்பூல் சாலையில் தெற்கே இறங்கினால் அந்தச் சாலை ஏரியில்தான் முடிகிறது. வலது கையில் குடா, முன்னால் ஒன்ராறியோ ஏரி, இடது கையில் 1971 முதல் மின்சாரம் தரும் பிக்கரிங் அணுமின் நிலையம். வழியில் சூடாக ஏதாவது குடிக்கக் கடைகள் உண்டு, பலகை நடைபாதை உண்டு. காரை விட்டு அதிகம் இறங்காமலே அம்மாவும் ஏரியைப் பார்க்கலாம்.

குளிர்காலத்துக்கென்றே அளந்து தைத்தது போல ஒரு கதையும் இந்த இடத்துக்கு உண்டு. 1669-இல் பெனலோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பக்கத்தில் இருந்த செனெக்கா என்ற பூர்வகுடி மக்களின் கிராமத்தில் வந்து தங்கி, 1670 வரை ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தார். குடாவின் 'பிரெஞ்சுக்காரர்' அவர்தான் என்பது வழிவழியாக வரும் கதை. கிராமம் இருந்த இடம் கொஞ்சம் மேற்கே, ரூஜ் ஆற்றின் வாய்ப்பக்கம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பரவாயில்லை, பெயர் குடாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹீற்றர் இல்லாமல், பிளாஸ்க் இல்லாமல், வந்த நாட்டு மொழியும் சரியாகத் தெரியாமல் ஒருவர் இங்கே பெப்ரவரியைக் கடந்திருக்கிறார். புதிதாக வந்த வருடம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைத்தால் அந்த மனிதர் மேல் கொஞ்சம் பாசம் வருகிறது. அந்த ஊர்க்காரர் இடம் கொடுத்திருக்காவிட்டால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் இது என் முதல் தெரிவு இல்லை? ஐஸ்தான் காரணம். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், ஆகக் கூடியது 244 மீற்றர். அவ்வளவு தண்ணீர் கோடையில் குடித்த சூட்டைக் குளிர்காலம் முழுக்க மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும். அதனால் பெரிய ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. குடா அப்படியில்லை. ஆழம் குறைவு, மணல் திட்டு காற்றை மறிக்கும், சீக்கிரம் உறைந்து வெள்ளைப் பாய் விரித்தது போலக் கிடக்கும். மேலே யாராவது துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கண்டதும் என் மகன் இறங்கத்தான் பார்ப்பான்.

ஒரு ஆள் நடக்கத் தெளிவான ஐஸ் 15 சென்ரிமீற்றர் தடிப்பாவது இருக்க வேண்டும், கூட்டமாகச் சறுக்க 20 என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. குடாவுக்கும் ஏரிக்கும் இடையில் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் தடிப்பு ஓரிடத்தில் இருப்பது போல மறு இடத்தில் இராது. பெரிய ஏரிப் பக்கம் இன்னும் மோசம். அலை அடித்து அடித்துக் கரையில் ஐஸ் மேடு கட்டும், மேலே பனி விழுந்து மூடும். பார்த்தால் கரை இன்னும் பத்தடி நீளம் போலத் தெரியும். கீழே வெறும் பொள்ளல், தண்ணீர். நாலு வயதும் எட்டு வயதும் உள்ள இரண்டு ஆண்பிள்ளைகளை அங்கே வைத்திருந்தால், முழு நேரமும் நான் அவர்களுடைய ஜாக்கெட் தொப்பியைப் பிடித்தபடிதான் நிற்க வேண்டும். நானும் இவரும் மட்டும் போகிற ஒரு ஞாயிறு பின்னேரத்துக்கு இதை விடச் சிறந்த இடம் கிடையாது. எட்டுப் பேருக்கு வேண்டாம்.

லின்ட் ஷோர்ஸ், பத்துக் கிராம் விருந்தாளி

விற்பியின் தென்மேற்கு மூலை. எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்துக்குள். சதுப்பு நிலம், சமதரையான பாதை, இரண்டு பக்கமும் செடி மரம். காற்றை மரம் மறிப்பதால் ஏரிக்கரையை விட இங்கே குளிர் குறைவாகத் தெரியும். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, வேறு செலவு இல்லை.

இங்கே போவது சிக்கடீ என்ற ஒரு சின்னக் குருவிக்காக. கறுப்புத் தொப்பி, கறுப்புக் கழுத்து, வெள்ளைக் கன்னம். பெரிய பறவைகள் தெற்கே போன பிறகும் இது போகாது. உள்ளங்கையில் சூரியகாந்தி விதையை வைத்துக்கொண்டு கையை நீட்டி அசையாமல் நிற்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. மரத்தில் 'சிக்-அ-டீ-டீ' என்று சத்தம் கேட்கும், ஒன்று பக்கத்துக் கொப்பில் வந்து தலையைச் சரித்துப் பார்க்கும், திரும்பிப் போகும். பிறகு திடீரென்று விரல் நுனியில் எதுவோ கீறுவது போல இருக்கும். பார்த்தால் உட்கார்ந்திருக்கும். எடை கிட்டத்தட்ட 10 முதல் 14 கிராம், அதாவது கையில் பாரமே தெரியாது. நகம் பிடிப்பது மட்டும்தான் தெரியும். ஒரு விதையை எடுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். பிறகு பறந்துவிடும். எல்லாம் இரண்டு செக்கன்.

போன வருடம் தம்பியின் மகன், தானாக விரும்பி, ஒன்பது நிமிடம் அசையாமல் நின்றான். தம்பி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான், எண்ணினான், இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கதை கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தக் குருவியிடம் நிறைய உண்டு. எடுத்த விதையை அது உடனே தின்பதில்லை. மரப்பட்டையில் ஒவ்வொன்றாக ஒளித்து வைக்கும், எங்கே வைத்தது என்று பிறகு நினைவு வைத்து எடுக்கும். இரவில் உடம்புச் சூட்டைப் பத்துப் பாகை வரை தானே குறைத்துக்கொண்டு சேமித்த கொழுப்பில் விடியும் வரை தாக்குப்பிடிக்கும். 'டீ' எத்தனை தரம் சொல்கிறது என்பதும் சும்மா இல்லை. ஆபத்து கூடினால் டீயும் கூடும். மகள் இதைக் கேட்டதும் நாலு டீயா ஐந்து டீயா என்று எண்ணத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் வாயில் 'போர்' வரவில்லை.

பாண், உப்புப் போட்ட கச்சான் எதுவும் வேண்டாம். உப்பில்லாத கறுத்தச் சூரியகாந்தி விதை மட்டும், அதுவும் வாசலில் உள்ள பலகையில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு. கையுறையோடு நீட்டினாலும் வரும். ஆனால் வெறுங்கையில் வந்தால் அது வேறு. ஒரு நேரத்தில் ஒரு ஆள், இரண்டு நிமிடம், பிறகு கையுறை. இதுதான் எங்கள் சட்டம்.

குறை என்ன என்றால், வரலாறு என்று சொல்ல இந்தப் பாதையில் அதிகம் இல்லை. அம்மாவும் முதல் வளைவு வரைதான் வருவார், பிறகு காருக்குள். முக்கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் இழுத்தால் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே இது பாதி நாளுக்கான இடம். மற்றப் பாதியை வேறெங்காவது தேட வேண்டும்.

ஒஷாவா, உள்ளே சூடு, வெளியே மர்மம்

குளிர் கடுமையாக இருந்தால் பார்க்வூட் மாளிகையை விட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. கனடாவின் ஜெனரல் மோட்டர்ஸுக்கு முதல் தலைவராக இருந்த சாம் மக்லாஃப்லினின் வீடு. 1915 முதல் 1917 வரை கட்டினார்கள். 55 அறை. வீட்டுக்குள்ளேயே நீச்சல் தடாகம், பந்துருட்டும் பாதை, குழாய் இசைக்கருவி. மக்லாஃப்லின் 1887-இல் அப்பாவின் குதிரைவண்டித் தொழிற்சாலையில் மெத்தை தைக்கப் பழகுநராகச் சேர்ந்தவர். நூறு வயது வாழ்ந்து 1972-இல் இறந்தார். குதிரைவண்டியில் தொடங்கிக் காரில் முடிந்த ஒரு ஊரின் கதை முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள் இருக்கிறது.

அம்மாவுக்கு இது மிகவும் பிடிக்கும், பெரிய வீடு பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. வழிகாட்டி கூட வந்து சொல்லுவார். ஆனால் எல்லாமே 'தொடாதே'. பந்துருட்டும் பாதையைக் காட்டிவிட்டு உருட்டாதே என்று எட்டு வயதுக்காரனுக்குச் சொல்வது பாவம். ஆளுக்கு ஒரு ரிக்கற் வேறு; எட்டால் பெருக்கிப் பாருங்கள். நேரத்தையும் முதலே பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஒருமுறை நான் வேறோர் இடத்துக்கு அப்படிப் பார்க்காமல் போய், எல்லோரும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அங்கிருந்து திரும்பும் வழியில், விற்பி ஒஷாவா எல்லையில் ஏரிப்பக்கம், இன்ரெப்பிட் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. போனால் ஒரு நினைவுச்சின்னம், கொடிக்கம்பங்கள், சுற்றிலும் வயலும் களஞ்சியக் கட்டடங்களும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் 1941 டிசம்பர் 6-இல், பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு முந்திய நாள், இந்த இடத்தில் உளவாளிகளைப் பயிற்றுவிக்கும் 'காம்ப் எக்ஸ்' திறந்தது. வில்லியம் ஸ்டீவன்சன் என்ற கனடியர் நடத்தியது. 'ஹைட்ரா' என்று பெயர் வைத்த வானொலி நிலையம் இங்கிருந்துதான் இரகசியச் செய்திகளைக் கடல் கடந்து அனுப்பியது. 1945-இல் ஒட்டாவாவிலிருந்த சோவியத் தூதரகத்தை விட்டு ஆவணங்களோடு வெளியேறிய இகோர் கூசெங்கோவையும் குடும்பத்தையும் கொண்டுவந்து ஒளித்து வைத்ததும் இங்கேதான். கட்டடங்களை எல்லாம் 1969-இல் இடித்துவிட்டார்கள்.

எனக்கு இந்த இடம் பிடிக்கும். ஒன்றும் இல்லாத வெளியைப் பார்த்துக்கொண்டு இவ்வளவையும் கற்பனை செய்யலாம். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் வெளிதான். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமல், ஐந்து நிமிடக் கதை. அவ்வளவு போதும்.

ஏஜாக்ஸ், ஷெல் நிரப்பிய ஊர்

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை யாரும் சுற்றுலா என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. ஊர்ப் பெயரை எப்படி வாசிப்பது என்று தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். மகளுக்குப் பள்ளியில் ஊரைப் பற்றி எழுதச் சொன்னபோதுதான் ஹார்வூட் சாலையில் நாங்கள் தினமும் எதன் மேல் கார் ஓட்டுகிறோம் என்று தெரிந்தது.

ஏஜாக்ஸ் ஒரு போர்க்கப்பலின் பெயர். 1939 டிசம்பர் 13-இல் தென்னமெரிக்காவில், பிளேட் ஆற்றின் வாய்க்கு வெளியே, ஏஜாக்ஸ், எக்சிற்றர், அக்கிலிஸ் என்ற பிரித்தானியப் பக்கத்து மூன்று கப்பல்கள் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே என்ற பெரிய கப்பலை எதிர்த்தன. கிராஃப் ஸ்பேயின் பீரங்கி பதினொரு அங்குலம், ஏஜாக்ஸின் பீரங்கி ஆறு அங்குலம். நாலு நாள் கழித்து ஜெர்மன்காரரே தங்கள் கப்பலை மொன்றேவிடியோவுக்கு வெளியே மூழ்கடித்தார்கள். அன்று அந்த மூன்று கப்பல்களுக்கும் தலைமை தாங்கியவர் ஹென்றி ஹார்வூட். பால் வாங்கப் போகிற ஹார்வூட் சாலை அவருடைய பெயர். எக்சிற்றருக்கும் தெரு உண்டு, அக்கிலிஸுக்கும் உண்டு, ஏஜாக்ஸ் கப்பலில் இருந்த மாலுமிகளின் பெயரில் இன்னும் எத்தனையோ தெருக்கள் உண்டு. உங்கள் தெருப் பெயரும் ஒரு மாலுமியாக இருக்கலாம், பாருங்கள்.

அது சரி, கப்பலுக்கும் ஒன்ராறியோ வயலுக்கும் என்ன தொடர்பு? 1941 வரை இங்கே ஊரே இல்லை, தோட்டக் காணிகள்தான். பக்கத்தில் ரயில் பாதை, தண்ணீருக்கு ஏரி. இரண்டாம் உலகப் போருக்காக அரசாங்கம் காணிகளை எடுத்து, ஷெல்லுக்கு, அதாவது பீரங்கிக் குண்டுக்கு, வெடிமருந்து நிரப்பும் ஒரு தொழிற்சாலையைக் கட்டியது. வேலைக்கு வந்தவர்களுக்காக வீடுகள் கட்டினார்கள், அந்த இடத்துக்குப் பெயர் ஒன்று தேவைப்பட்டது, வேலையாட்கள் கப்பலின் பெயரைத் தெரிவு செய்தார்கள். உச்சத்தில் 9,000 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள். உலோகம் உரசித் தீப்பொறி வந்தால் முடிந்தது கதை என்பதால் மோதிரம், கொண்டை ஊசி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்து, உடுப்பு மாற்றித்தான் உள்ளே போக வேண்டும். போர் முடியும் வரை ஏறத்தாழ 4 கோடி ஷெல் நிரப்பினார்கள்.

'ஷெல்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அம்மாவுக்கு இதை நான் சொன்னபோது அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, "இஞ்சயுமோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு, அந்தப் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையா, வேலை முடிந்து எப்படி வீட்டுக்குப் போனார்கள், சாப்பாடு யார் கொடுத்தது என்று வரிசையாகக் கேட்டார். அதற்குப் பிறகு ஹார்வூட் சாலையால் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார். நாங்கள் முதலில் இருந்த ஸ்காபரோவிலும், எக்ளிங்டன் சாலைப் பக்கம், இதே போல ஒரு தொழிற்சாலை அதே வருடத்தில் தொடங்கியது என்றும் சொன்னேன். அங்கே வெடியைத் தொடக்கும் திரியை நிரப்பினார்கள், இங்கே ஷெல்லை. "அப்ப நாங்கள் அதுக்குப் பின்னாலதான் வந்திருக்கிறம்" என்றார்.

"போர்" என்கிற மகளுக்கு இந்த ஊரைக் காட்டினால், அவளுடைய சொல் ஒருமுறையாவது சரியான இடத்தில் விழும்.

பார்க்க என்ன இருக்கிறது? ஹார்வூட்டின் இரு பக்கச் சிறு தெருக்களில் போர்க்கால வீடுகள் இன்னும் நிற்கின்றன. சின்னது, கூரை சரிவானது. தற்காலிகமாக என்று நிலக்கீழ் அறை இல்லாமல் கட்டியவை. ஆட்கள் போகவில்லை, பிறகு கீழே தோண்டி நிலக்கீழ் அறை வைத்தார்கள். காரில் மெதுவாகப் போனாலே தெரியும், புது வீடுகளுக்கு நடுவில் தோள் குறுக்கி நிற்கிறது போல. 1946 முதல் 1949 வரை போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகம் இந்தத் தொழிற்சாலைக் கட்டடங்களில்தான் பொறியியல் படிப்பித்தது. 1955-இல் ஏஜாக்ஸ் முறையான நகரம் ஆனது. 2021 கணக்கெடுப்பில் ஒன்றேகால் இலட்சத்துக்கு மேல் ஆட்கள்; அதில் நாங்கள் ஐந்து பேர்.

பிள்ளைகளுக்கு, பெய்லி சாலையும் ஹார்வூட்டும் சந்திக்கிற இடத்தில் பற் பெய்லி சதுக்கம். குளிர்காலத்தில் அங்கே திறந்தவெளிச் சறுக்குத் தளம் போடுவார்கள். ஸ்கேற்றும் தலைக்கவசமும் நாங்களே கொண்டு போவது நல்லது, வெயில் ஏறிய நாட்களில் தளம் திறந்திருக்கிறதா என்று நகரசபைப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போவதும் நல்லது. இந்தப் பற் பெய்லி யார் என்றால் ஏஜாக்ஸின் முதல் நகரபிதா. அதற்கு முன்னால் பல்கலைக்கழகப் பேராசிரியர். போர்க் காலத்தில், முன்னே சொன்ன ஸ்டீவன்சனிடம் தகவல் தொடர்புக்குப் பொறுப்பாக இருந்து 'ரொக்கெக்ஸ்' என்ற இரகசியச் செய்தி இயந்திரத்தை உருவாக்கியவர். காம்ப் எக்ஸின் வெறும் வெளியில் சொல்ல வேண்டிய கதையின் மறுபாதி இங்கே ஸ்கேற்றிங் தளத்தில் கிடக்கிறது. ஒஷாவா வரை போகாமலே சொல்லிவிடலாம்.

அதே ஹார்வூட் சாலையில் நூலகம் இருக்கிறது: சூடு, கதிரை, கழிவறை, மூன்றும் இலவசம். அம்மாவும் சின்னவனும் அங்கே இருப்பார்கள். சனி திறப்பு, திங்கள் பூட்டு என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். பிறகு காரில் ஏறி ஹார்வூட்டிலேயே நேரே தெற்கே போனால் ஏரி. ஏஜாக்ஸின் ஏரிக்கரையில் பெரும்பகுதி தனியார் வீடுகள் மறிக்காத பொதுநிலம். யாருடைய வேலியையும் சுற்றிப் போகத் தேவையில்லை. அங்கே பதினைந்து நிமிடம் போதும். வட துருவப் பக்கத்திலிருந்து நீள்வால் வாத்துகள் குளிர் காய இங்கே வரும் (அவற்றுக்கு இது சூடான ஊர்!), கூட்டமாக மிதந்துகொண்டு சந்தையில் பேரம் பேசுவது போலச் சத்தம் போடும். கரையை விட்டு ஐஸ் மேட்டில் ஏறக்கூடாது என்ற சட்டம் இங்கேயும் உண்டு, ஆனால் உறைந்த குடா இல்லாததால் மகனுக்கு ஆசை குறைவு.

ஆகவே இந்த வருடம் இப்படி: காலை பத்தரைக்கு லின்ட் ஷோர்ஸ், முக்கால் மணி. வீட்டுக்கு வராமல் நேரே ஹார்வூட். காருக்குள்ளேயே மீன் பணிசும் தேத்தண்ணியும். அம்மாவுக்காகப் போர்க்கால வீட்டுத் தெருக்களில் ஒரு சுற்று. பிறகு பெரிய பிள்ளைகள் சறுக்க, மற்றவர்கள் நூலகத்தில். மூன்று மணிக்கு ஏரிக்கரை, நாலரைக்கு வீடு. பெப்ரவரி நடுவில் சூரியன் ஐந்தே முக்காலளவில்தான் மறையும், டிசம்பரை விட ஒரு மணி நேரம் லாபம்.

ஒரேயொரு மாற்று ஏற்பாடு. காற்றோடு சேர்த்துக் குளிர் -28 அல்லது அதற்கும் கீழே என்று வானிலை சொன்னால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். அப்படிச் சொன்னால் குருவியும் இல்லை, சறுக்கலும் இல்லை, பார்க்வூட். ரிக்கற் காசைத் தம்பி கொடுக்கட்டும்.

சின்னவனுக்கு மூன்று சோடி கையுறை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா, முன் சீற்றில் தான்தான் இருப்பேன், தெருப் பெயர்களைத் தான் வாசிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.